கோளாறு வானத்தில் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் வழித் தொடர்பு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

காரிமங்கலத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி: எங்க மாமா துபாயில் இருக்கார். தினமும் ராத்திரி வாட்ஸ்அப் வீடியோ காலில் பேசுவோம். அது எந்தச் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது? கட்டுரைப் போட்டிக்காகக் கேட்கிறேன்.

எந்தச் செயற்கைக்கோள் வழியாகவும் போவதில்லை. உங்கள் போனிலிருந்து ஊர் டவர் வரைக்கும்தான் அது காற்றில் போகிறது. டவரிலிருந்து மண்ணுக்குள் புதைத்த கண்ணாடி இழைக் கேபிளில் இறங்கி, சென்னைக்கோ மும்பைக்கோ ஓடி, அங்கிருந்து கடலடிக் கேபிளில் அரபு நாட்டுக் கரையேறுகிறது. சென்னை, மும்பை, ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைரா மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும் கடலடிக் கேபிளே உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதனால்தான் மாமா சிரிப்பது உடனே தெரிகிறது.

கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிளில்தான் போகிறது. காரணம் கொள்ளளவு. 2024 நவம்பரில் ஏவப்பட்ட நம்முடைய ஜிசாட்-என்2 செயற்கைக்கோளின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 48 கிகாபிட். தலைமுடி கனமுள்ள ஒரு ஜோடி இழை அதைப்போல நூறு மடங்குக்கு மேல் சுமக்கும். 2025 செப்டம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்து இந்தியாவிலும் இணையம் மெதுவானபோது, போக்குவரத்தை வேறு கேபிள்களுக்குத்தான் திருப்பினார்கள். செயற்கைக்கோளால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

அப்படியானால் செயற்கைக்கோள் எதற்கு? இரண்டு வேலைக்கு அதை விட்டால் ஆள் இல்லை. ஒன்று, ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கோடி வீடுகளுக்குக் கொடுப்பது. டிவி ஒளிபரப்பு அப்படித்தான். அஞ்செட்டியில் ஒரு வீடு கூடினாலும் மேலே செலவு ஒரு பைசா கூடாது. கேபிள் என்றால் அந்த வீடு வரைக்கும் குழி தோண்ட வேண்டும். இரண்டாவது, கேபிள் போகாத இடம், போய் அறுந்துபோன இடம்: கப்பல், விமானம், மலைக்காடு, தீவு. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்கா தீவு நாட்டை வெளிநாட்டோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் போல ஆயிற்று. அதுவரை அந்த நாடு வெளியுலகத்தோடு பேசியது செயற்கைக்கோள் வழியாகத்தான்.

கட்டுரையில் இப்படி எழுதுங்கள்: ஒருவரோடு ஒருவர் பேசக் கேபிள், ஒருவர் எல்லோருக்கும் சொல்லவும், கேபிள் எட்டாத இடத்துக்குப் போகவும் செயற்கைக்கோள். நடுவர் யாராவது மறுத்தால், கடலடிக் கேபிள் வரைபடத்தை இணையத்தில் எடுத்துக் காட்டுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தையல் தொழிலாளி: செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். அப்புறம் எங்க வீட்டு டிஷ் மட்டும் எப்படி ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

நல்ல கேள்வி. செயற்கைக்கோள் சுற்றத்தான் செய்கிறது. பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால் நம் கண்ணுக்கு நிற்கிறது.

உயரம் கூடக்கூடச் சுற்றும் நேரமும் கூடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலாவுக்கு 27 நாளுக்கு மேல் ஆகும். இரண்டுக்கும் நடுவே, சரியாக ஒரு நாளில் சுற்றி முடிக்கிற ஓர் உயரம் இருந்தாக வேண்டும் அல்லவா? நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர், அதுதான் அந்த உயரம். அங்கே செயற்கைக்கோள் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுழன்று முடிக்கும் நேரமும் அதுவே. 24 மணி என்பது சூரியனை வைத்துக் கணக்கிடுவது.

நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே இருக்கிறது. அதனால்தான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் டிவி டிஷ் எல்லாம் தெற்கு, தென்கிழக்குப் பக்கமாகவே பார்க்கும். வடக்கே திரும்பிய டிஷ்ஷைக் கண்டால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

நிற்கிறது என்று சொன்னாலும் சும்மா விட்டால் நிற்காது. சூரியனும் நிலாவும் இழுத்து அதன் பாதையைச் சாய்க்கும். பூமி சரியான உருண்டை இல்லாததால் கிழக்கு மேற்காகவும் நகரும். இஸ்ரோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருக்கு மேற்கே ஹாசனில் இருக்கிறது, போபாலில் இன்னொன்று. அங்கிருந்து கட்டளை அனுப்பி, சிறு உந்துபொறிகளை இயக்கி, செயற்கைக்கோளைத் தன் இடத்திலேயே பிடித்து வைக்கிறார்கள். அதற்கான எரிபொருள் தீர்ந்தால், கருவிகள் நன்றாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பெரும்பாலும் 15 ஆண்டு. கடைசிச் சொட்டில் அதைச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி ஒதுக்கிவிடுவார்கள், அடுத்தது வந்து நிற்க இடம் வேண்டுமே.

அஞ்செட்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர்: காத்துல டிஷ் குடை திரும்பிப் போச்சுங்க. டிடி ஃப்ரீ டிஷ்தான். ஆள் வர நாலு நாள் ஆகும்ங்கறாங்க. நானே திருப்பி வைக்கலாமா? எந்தப் பக்கம், எவ்வளவு?
*(இதே கேள்வியை ராயக்கோட்டை, பென்னாகரம், தீர்த்தமலை வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்.)*

வைக்கலாம். பொறுமையும் இரண்டு ஸ்பானரும் போதும். ஆனால் குடையைத் தொடுவதற்கு முன்னால், கோளாறு குடையில்தானா என்று பாருங்கள். பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி பூஜ்யம் என்றால், எல்.என்.பி.க்கு (குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்கும் தலை) மின்சாரம் போகிறது, குடைதான் தவறான இடத்தைப் பார்க்கிறது. இரண்டுமே பூஜ்யம் என்றால் குடையைத் தொடாதீர்கள். கேபிள், கனெக்டர், எல்.என்.பி. மூன்றில் ஒன்று போயிருக்கிறது. நன்றாக இருந்த குடையைத் திருப்பிக் கெடுத்துக்கொண்டு இரட்டை வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை கம்பம். குடை நிற்கும் குழாய் செங்குத்தாக இருக்க வேண்டும். கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தையோ தூக்குக்குண்டையோ குழாயின் இரண்டு பக்கம், ஒன்றுக்கொன்று குறுக்காக, வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் குடையை இடம் வலமாகத் திருப்பும்போதே ஏற்றமும், அதாவது அது மேல்நோக்கிப் பார்க்கும் கோணமும், மாறிக்கொண்டே போகும். ஒரு நாள் முழுக்கத் திருப்பினாலும் சிக்னல் சிக்காது. காற்றில் திரும்பிய குடைகளில் பெரும்பாலும் அடித்தட்டு போல்ட் தளர்ந்திருக்கும். அதை முதலில் இறுக்குங்கள்.

அடுத்தது திசை. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக. அது நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே. தருமபுரியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 127 டிகிரியில், அதாவது சரியான தென்கிழக்கைவிடக் கொஞ்சம் கிழக்கே தள்ளி, 67 டிகிரி ஏற்றத்தில் இருக்கிறது. அஞ்செட்டிக்கும் ஓசூருக்கும் ஓரிரு டிகிரிதான் மாறும். டாடா பிளே வைத்திருப்பவர்களுக்கு 83 டிகிரிச் செயற்கைக்கோள்: திசை 158, ஏற்றம் 74 முதல் 75. போனில் உள்ள திசைகாட்டியே போதும். ஆனால் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அந்தத் திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ குறி வைத்துக்கொண்டு குடையை அதற்கு நேராகத் திருப்புங்கள்.

ஏற்றத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 67 டிகிரி என்றதும் குடையை வானம் பார்க்க மல்லாத்தி வைக்கிறார்கள். வீட்டுக் குடை முட்டை வடிவம். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொண்டு இருக்கும். அது தன் முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை. 20 டிகிரிக்கும் கொஞ்சம் கூடுதலாக மேலே பார்க்கிறது. அதனால் கண்ணுக்குக் குடை 45 டிகிரி போலத்தான் சாய்ந்திருக்கும். பிராக்கெட்டின் பக்கவாட்டில் உள்ள எண் வரிசை பெரும்பாலும் இந்தக் கழிவைச் சேர்த்தே அச்சிட்டது. அதில் 67-ஐ வைத்துத் தொடங்குங்கள்.

இனி நிதானம் வேண்டும். 60 சென்டிமீட்டர் குடையின் விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் 1 டிகிரி. அந்த 1 டிகிரி, செயற்கைக்கோள் இருக்கும் தொலைவில் 600 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சிறு குடை பார்க்கும் அகலமே மொத்தம் 3 டிகிரி. ஆகவே இரண்டு தீக்குச்சிக் கனம் நகர்த்துங்கள், கையை எடுங்கள், மூன்று நொடி பொறுங்கள். பாக்ஸுக்குச் சிக்னலைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் ஆகும். கையை எடுக்காமல் திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிவிடுவீர்கள், திரையில் ஒன்றும் தெரியாது. கீழே ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் வீடியோ கால் போட்டுத் திரைக்கு முன் வைத்துவிட்டால் இன்னும் சௌகரியம். இடம் வலமாக ஒரு சுற்று தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஏற்றத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி தேடுங்கள்.

குவாலிட்டி வந்ததும் அதோடு விடாதீர்கள். இடப்பக்கம் எங்கே விழுகிறது, வலப்பக்கம் எங்கே விழுகிறது என்று பென்சிலில் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஏற்றத்துக்கும் அப்படியே. கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெல்ல இரு பக்கமும் சுழற்றிப் பாருங்கள். நம் பகுதியில் 93.5-க்கு அது நேராக நிற்காது, நன்றாகவே சாய்ந்து நிற்கும். கழற்றுவதற்கு முன் அதன் பழைய சாய்வைக் குறித்து வைத்திருந்தால் இந்த வேலை மிச்சம். நட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போதுதான் குடை நகரும்.

கனெக்டர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடை பிடித்துக் கொடுக்கும் சிக்னலின் அளவு ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான். அதை எல்.என்.பி. பெருக்கி, அலைவரிசையையும் இறக்கிக் கொடுக்கிறது. மேலிருந்து வருவது 11,090 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதில் 9,750-ஐக் கழித்து 1,340 ஆக்கி அனுப்பும். 11,000-ஐ அப்படியே அனுப்பினால் கேபிளே அதைத் தின்றுவிடும். இவ்வளவு பாடுபட்டு வந்த சிக்னல், நனைந்த ஒரு கனெக்டரில் செத்துப்போகிறது. ஆர்.ஜி.6 கேபிளைச் சீவும்போது நடுச் செம்புக் கம்பி கனெக்டரின் வாயிலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். வெளி வலைக் கம்பியின் ஓர் இழைகூட அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட். அந்த வழியாகத்தான் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட்டை மேலே அனுப்புகிறது. ஆகவே பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். எல்.என்.பி.யில் மாட்டுவதற்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலேற்றிச் செருகுங்கள். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். பழைய கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் துடைத்துப் போடாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.

மரம் மறைக்கிறதா என்று தெரியவில்லையா? மார்ச் 15, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டிக் காலை 11 மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய இந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்திலேயே வந்து நிற்கும். அந்த நேரத்தில் குடை மீது தென்னை மட்டையின் நிழல் விழுந்தால், சிக்னல் மேலும் அதே மட்டை விழுகிறது.

மின்கம்பி பக்கத்தில் போகும் மாடியில் இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். சித்திரை வைகாசி இடிமழை நேரத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி: மழை வந்தால் எங்கள் டிவி கட்டம் கட்டமாக உடைகிறது. பக்கத்து வீட்டு லோக்கல் கேபிளில் உடைவதில்லை. சில நாள் வெளியே மழையே இல்லாமல் உடைகிறது, ஏன்?

வீட்டுக் குடைக்கு வரும் கே.யு. அலைவரிசையின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழைத் துளி 5 மில்லிமீட்டர் வரைக்கும் வளரும். இந்த இரண்டு அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதால் துளிகள் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கேபிள்காரர் பெரும்பாலும் சி-பேண்ட் என்ற தாழ்ந்த அலைவரிசையில், பத்தடி பன்னிரண்டடிக் குடையில் வாங்கி, வீட்டுக்குக் கம்பியில் தருகிறார். அந்த அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். மழை அதைப் பெரிதாகத் தொடாது.

உங்கள் வீட்டில் மழை இல்லாமலே உடைவதற்கும் கணக்கு உண்டு. உங்களுடையதும் ஃப்ரீ டிஷ் என்றால், குடை தென்கிழக்கே 67 டிகிரி ஏற்றத்தில் பார்க்கிறது. மழை மேகத்தின் நீர்ப்பகுதி நம் பக்கம் சுமார் 5 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் இருக்கும். அப்படியானால் சிக்னல் வரும் பாதையின் நிழல், உங்கள் வீட்டிலிருந்து தென்கிழக்கே 2 கிலோமீட்டர் தூரத்துக்குத் தரையில் விழுகிறது. அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் எங்கே கொட்டினாலும் உங்கள் படம் உடையும். வடமேற்கே எவ்வளவு கொட்டினாலும் ஒன்றும் ஆகாது.

தூறலுக்கே படம் போகிறது என்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள். வெயில் நாளில் குவாலிட்டி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். படம் தெளிவாக வர 40, 50 போதும் என்பதால் பலரும் அதிலேயே விட்டுவிடுகிறார்கள். குடையை இன்னும் ஒரு நூல் திருப்பி அதை 80-க்குக் கொண்டுவந்தால், அந்தக் கூடுதல்தான் மழையில் உங்களைக் காப்பாற்றும். அப்படியும் போதவில்லை என்றால் 90 சென்டிமீட்டர் குடை மாட்டுங்கள். பரப்பு இரண்டேகால் மடங்கு.

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் வங்கி சேவை மையம் நடத்தும் வாசகி: மாடியில் குடை வைத்த இணைப்புதான் எங்களுக்கு. வருஷத்தில் இரண்டு முறை, சில நாள் தொடர்ந்து, பகலில் ஒரே நேரத்தில் சில நிமிஷம் இணைப்பு போய் வருகிறது. புகார் செய்தால் "தானாகச் சரியாகும்" என்கிறார்கள். சாக்குப்போக்கா?

இல்லை, அவர்கள் சொல்வது சரி. மேலே சொன்ன அதே சூரியன்தான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சூரியனும் எல்லா அலைவரிசையிலும் இரைச்சலை உமிழ்கிறது. அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் நேரம் கூடி, பிறகு குறைந்து, நின்றுவிடும். எந்தக் குடையைத் திருப்பினாலும் தீராது. சேவை தருபவரிடம் அந்தத் தேதியும் நேரமும் முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல் இருக்கும். கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். முதியோர் உதவித்தொகை வாங்க வருபவர்களை அந்தப் பத்து நிமிடம் வெயிலில் நிற்க வைக்காமல் இருக்கலாம்.

வேறு நாட்களில், வேறு நேரங்களில் விட்டுவிட்டுப் போனால் அது சூரியன் இல்லை. கனெக்டரைப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: செயற்கைக்கோள் தன்னிடம் வரும் அலைவரிசையை மாற்றித்தான் திருப்பி அனுப்புகிறது என்று படித்தேன். வந்ததை அப்படியே அனுப்பினால் என்ன? நம் நாட்டின் முதல் தொடர்புச் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றினார்களாமே, அது ஏன்?

திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் நீட்டினால் ஊளையிடுமே, அதே சங்கதி. தரையிலிருந்து 36,000 கிலோமீட்டர் ஏறி வரும் சிக்னல், செயற்கைக்கோளை அடையும்போது மிக மெலிந்திருக்கும். அதைப் பல கோடி மடங்கு பெருக்கி, சுமார் நூறு வாட் அளவில் கீழே அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே அலைவரிசை என்றால், பக்கத்திலேயே கத்தும் தன் குரல்தான் அதன் காதில் விழும். ஆகவே 14 கிகாஹெர்ட்ஸில் வாங்கி, 11 அல்லது 12-இல் அனுப்புகிறது. இந்த வாங்கி மாற்றி அனுப்பும் பெட்டிக்குத்தான் டிரான்ஸ்பாண்டர் என்று பெயர்.

நீங்கள் சொல்லும் மாட்டு வண்டி, ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆன்டெனாச் சோதனையின்போது. மோட்டார் வாகனத்தில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள இரும்பு அலைகளை எதிரொலித்து அளவீட்டைக் கெடுக்கும். மரவண்டியில் அந்தத் தொல்லை இல்லை. படத்தைப் பார்த்து ஏழ்மை என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. அது யோசித்துச் செய்த வேலை. ஆப்பிள் 1981 ஜூன் 19 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போயிற்று. அதன் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. ஒற்றைத் தகட்டோடு இரண்டு ஆண்டுக்கு மேல் அதை இயக்கினார்கள். 1982-இல் போன இன்சாட்-1ஏ சில மாதத்தில் கைவிட்டுப் போக, 1983 ஆகஸ்டில் போன இன்சாட்-1பி-தான் நாடு முழுக்கத் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் கொண்டுபோனது.

சித்தேரி மலையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: செல்போன் டவரே சரியாக எட்டாத ஊர். தாழ்வாகப் பறக்கும் புதுச் செயற்கைக்கோள் இணையம் எங்களுக்கு உதவுமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

உதவும், சில விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொண்டால். பழைய முறையில் பேச்சு 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. இணைய வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அந்தத் தாமதம் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த உயரத்தில் எதுவும் நிற்காது. ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் உங்கள் வானத்தைக் கடந்துவிடும், அடுத்தது வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் அனுப்புகிறார்கள். இதனால் உங்களுக்கு வரும் சிக்கல் மரம். டிவி குடைக்கு ஒரு திசை திறந்திருந்தால் போதும். இதற்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும். பள்ளியைச் சுற்றிப் பலா, சில்வர் ஓக் நின்றால், ஒவ்வொரு செயற்கைக்கோளும் மரத்துக்குப் பின்னால் போகும்போதெல்லாம் சில நொடி அறுந்து அறுந்து வரும். படம் பார்க்கும்போது அது தெரியாது, பேசும்போது தெரியும். குழாய் நட்டு மர உச்சிக்கு மேலே ஏற்றுங்கள்.

அடுத்தது மின்சாரம். இந்தக் கருவிக்கு 50 முதல் 100 வாட் வரை வேண்டும். 75 வாட் என்று வைத்தால், பள்ளி நேரம் 7 மணிக்கு 525 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் மொத்தம் 1,800. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போகும் என்பதால் 900 என்று கொள்ளுங்கள். ஒரு பள்ளி நாளுக்குப் போதும். அதில் மின்விசிறியையும் மாட்டினால் போதாது.

ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் 2025-இல் கிடைத்தது. வெளிநாட்டில் வாங்கிய கருவியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். இங்கே அனுமதி பெற்ற விற்பனை வழியில் வந்ததுதான் சட்டப்படியும் செல்லும், வேலையும் செய்யும். எங்கள் கருத்தைக் கேட்டால், மலைக்குக் கண்ணாடி இழைக் கேபிளோ, டவரோ வருவதற்கு ஊராட்சி மூலம் மனு கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம். ஊர் முழுக்கப் பயன்படுத்த அதுவே மலிவு.

பர்கூரிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: தொப்பூர் கணவாயில் சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது? தளியிலிருந்து ஒரு தோட்டக்காரர்: யானை வரும் இடம், டவர் எட்டாது. ஓமனில் இருக்கும் மருமகன் சாட்டிலைட் போன் வாங்கி வரலாமா?

லாரிக்காரருக்கு: ஜிபிஎஸ்ஸில் உங்கள் போன் எதையும் மேலே அனுப்புவதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. போன் குறைந்தது நான்கைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்கிட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு டவர் வேண்டாம். திரையில் வரைபடம் வருவதற்குத்தான் டவர் வேண்டும். கிருஷ்ணகிரியிலேயே வைஃபையில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரருக்கு: வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனை இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். துராயா, இரிடியம் கருவிகளுக்கு இங்கே தடை. தொலைத்தொடர்புத் துறை அனுமதியோடு பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் மட்டுமே உண்டு. மருமகன் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார். சந்தையில் விற்கும் சிக்னல் பூஸ்டரும் சட்டத்துக்குப் புறம்பானது. தோட்டத்தில் உயரமான இடத்தில் 20 அடிக் குழாய் நட்டு, போனை மேலே தூக்கிப் பிடித்து ஒரு கோடாவது சிக்னல் வருகிறதா பாருங்கள். வந்தால், வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள 4ஜி ரூட்டரை வாங்கி, ஆன்டெனாவைக் குழாய் உச்சியில் டவர் இருக்கும் திசை பார்த்துக் கட்டுங்கள். ஆன்டெனாக் கேபிள் 10 மீட்டரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மேலே கிடைத்தது கேபிளிலேயே கரைந்துவிடும். கீழே வைஃபை காலிங் வசதியுள்ள போனில் வழக்கம்போல் பேசலாம். ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டி வையுங்கள், யானை வரும் இரவில்தான் கரண்ட் போகும்.